மூன்றாம் வளைவு

புளியன்மலைக்கு ஏறும் மூன்றாம் வளைவில்
ஜீப்பை அணைத்துவிட்டு
ஏலத்துக்கு முந்தின ராத்திரிகளில்
காது வைத்திருந்தான் மொக்கராசு.

ஸ்டோருக்குள்ளே
எத்தனை கிலோ காய் உலர்ந்ததென்று
பொத்தான் பேட்டரியில் உயிர் வாழும் சில்லு ஒன்று
குரியச்சன் வீட்டுக்கு முணுமுணுக்கும்.
பூட்டிப் பேச அதற்குத் தெம்பில்லை,
பூட்டினால் ஒரே மாதத்தில் செத்துப்போகும்.

அதனால் பூட்டைச் சுவரில் மாட்டினேன்.
இருநூற்று ஐம்பத்தாறு சதுரம், ஒரே பலகை.
பார்த்தால் இட்லித் தட்டு மாதிரிதான்.
ஒவ்வொரு சதுரமும்
வந்த அலையைத் துளி தாமதித்துத் திருப்பும்.
வீட்டுப் பக்கம் எல்லாம் கைகோத்துப் போகும்.
வளைவுப் பக்கம்,
நேரே வந்த அலையின் மேடு
திரும்பி வந்ததன் பள்ளத்தில் விழுந்து
வெறும் தரை.

வெள்ளிக்கிழமை
ஹெட்ஃபோனைத் தட்டித் தட்டிப் பார்த்தானாம்.
மழை மட்டும் கேட்டதாம்.
மறுநாள் கிலோவுக்கு நூறு ரூபாய் கூட்டியே கேட்டான்.

குரியச்சன் சிரித்தார். கூலி தந்தார்.

ஆறு மணி ஜீப்பில் பதினாலு பேர்
மடியில் டிபன் பாக்ஸோடு கம்பத்துக்கு இறங்குகிறோம்.
மூன்றாம் வளைவில்
என் கையிலிருக்கும் கருவியும் ஊமை.

காயை உலர்த்திய ஒச்சம்மா
தோளிடித்துக் கேட்கிறாள்:
“மொத்தம் எவ்வளவு காய்ஞ்சுச்சு?”

தெரியலக்கா.