முக்கால் லீற்றர்

முக்கால் லீற்றர் தண்ணி குடிக்கவேணும்.
குடிச்சிட்டு அடக்கவேணும்.
சலப்பை நிரம்பி நிண்டால்தான்
குடலை மேல தள்ளிப் பிடிக்குமாம்,
கதிர் போற வழியில அது குறுக்க வராதாம்.
மெசினுக்குப் பொறுப்பான பிள்ளை, ரிஸ்வானா,
சொல்லிப்போட்டுக் கேட்டவள்:
"ஏலுமா அன்ரி?"

ஏலுமாவோ.
மாத்தளன் மணலுக்குள்ள
நாலு குடும்பம் முழங்காலோட முழங்கால் இடிக்க
செக்கலாகுமட்டும் அடக்கினனாங்கள்.
வெளியில போக ஏலாதெண்டு
தண்ணியே குடியாமல் விட்டனாங்கள்.
இப்ப ஒரு பிள்ளை போத்தலை நீட்டி
குடியுங்கோ குடியுங்கோ எண்டுது.

முதல்தரம் இருபத்தைஞ்சு நாள்.
பேந்து உள்ளுக்கு வைச்சு மூண்டுதரம்.
முடிஞ்சு மல்லாவிக்கு வந்தண்டு
பால்ரொட்டி சுட்டு அயலுக்குக் குடுத்தன்.
எதுக்கெண்டு கேட்டவைக்கு
சும்மா எண்டன்.

ரெண்டு வரியமும் நாலு மாதமும்.
பிறகொரு விடியப்புறம்
பாவாடையில ஒரு பொட்டு,
குண்டுமணி அளவு.
கழுவிக் கொடியில போட்டிட்டு
உழுந்து பிடுங்கப் போனன்.
அண்டைக்கு ஆருக்கும் சொல்லேல்லை.
உழுந்துக்கு மட்டும் தெரியும்,
ஒரே செடியை நாலுதரம் இழுத்தனான்.

டொக்டர் படத்தைத் தூக்கிப் பிடிச்சார்.
"ஒருக்காக் கதிர் பட்ட சதை
அதை மறக்காதம்மா.
முதல் குடுத்ததெல்லாம் கணக்கில நிக்குது.
இனிக் குடுக்க மிச்சம் கொஞ்சம்தான்."
நான் தலையாட்டினன்.
மறக்காத சதையைப் பற்றி
எனக்கு ஆர் வந்து சொல்லவேணும்.

பேந்து பேனையால தொட்டுக் காட்டினார்,
இடுப்பெலும்புக்குக் கிட்ட
வெள்ளையா ஒண்டு.
"இதென்ன?"
"அது என்ரை" எண்டன்.
செல்துண்டு.
ஒரு நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிசு.
அண்டு தொடக்கம் ஒரு கரைச்சலும் தராமல் கிடக்குது.
கரைச்சல் தந்தது
என்ரை சொந்தச் சதையில முளைச்சது.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை,
மெசின் நிண்டுபோச்சு.
எல்லாரும் குடிச்சு முடிச்சாப்பிறகு.
வாங்கில அஞ்சு பொம்பிளையள்,
அஞ்சுபேரும் காலுக்கு மேல கால்.
முழங்காவில் தங்கேஸ்வரி
சேலைத்தலைப்பைக் கடிச்சுக்கொண்டு இருந்தா.
மற்றப்பக்கம் ஒரு ரீச்சர்;
பள்ளிக்கூடத்தில கல்லடைப்பெண்டு சொல்லி
லீவு எடுத்தவ.
ஆரோ பைப்பைத் திறந்துவிட்டிட்டினம்,
நடையில தண்ணி சலசலவெண்டு விழுகுது.
தங்கேஸ்வரிதான் முதல் சிரிச்சா.
"சிரிக்கப் பண்ணாதேங்கோ, போயிடும்" எண்டா ரீச்சர்,
சொல்லிக்கொண்டே சிரிச்சா.
வாங்கு குலுங்கிச்சு.
கண்ணால வந்ததைத் தவிர
வேற ஒண்டும் வரவிடேல்லை நாங்கள்.

ஒண்டரை மணித்தியாலம்.
பிறகு ரிஸ்வானா வந்து
எங்கடை முகத்தைப் பாக்காமல் சொன்னாள்:
"இண்டைக்கு ஏலாது. திங்கக்கிழமை."
ரீச்சர் எழும்பி
சீலையின்ரை பின்பக்கத்தைப் பாக்கச் சொன்னா.
ஒண்டுமில்லை எண்டன்.
இருந்தது. ஆனால்
சீலை கடும்நிறம்.

திரும்பி வரேக்கை
முறிகண்டியில பஸ் நிண்டது.
எல்லாரும் தேங்காய் உடைக்கப் போச்சினம்,
நான் கக்கூசுக்கு.
அஞ்சு சொட்டு. அஞ்சும் நெருப்பு.
செவரைப் பிடிச்சுக்கொண்டு
ஆறாவதுக்காக நிண்டன்.
வெளியில கோண் அடிக்குது, திரும்பவும் அடிக்குது.
கொண்டக்டர் பெடியன் கத்துறான்:
"பொறண்ணை, மல்லாவி அக்கா இன்னும் வரேல்லை."

வந்து ஏறினால்
பஸ் முழுக்க இருக்குது.
ஏன் எண்டு ஒரு சனமும் கேக்கேல்லை.
ஆரோ என்ரை சீற்றில
ஒரு சரை கச்சான் வைச்சிருந்தினம், சுடச்சுட.
அதை மடியில வைச்சன்,
அடிவயித்துக்குக் கிட்ட.
இந்தச் சூடு கணக்கில வராது.

திங்கக்கிழமை
திரும்பவும் பத்தாம் நாள்.