இரண்டாம் வேற்றுமை

காலை நாலு பத்துக்கு ரோடெல் அழைத்தார்,
பனிவாரி வண்டியின் இரைச்சலுக்குள்ளிருந்து.
"தர்ஷாயினி, ஹாலெட் தெரு என் பட்டியலில் இல்லை.
தெரு இருக்கிறது. அதன் முனையில்தான் நிற்கிறேன்.
பட்டியலில்தான் இல்லை."

வினிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
போர்வையோடு மடிக்கணினியைத் திறந்தேன்.
பதிவேட்டில் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு
ஏஜென்ட் தனக்குத்தானே எழுதிய குறிப்பு:
ஹாலெட் தெருவில் முழங்கால் அளவு பனி என்று முறைப்பாடு.
தெருவை க்ளியர் செய்ய ஒரு கருவி இருக்கிறது.
அதை அழைக்கிறேன்.
கீழே, கருவியின் பதில்: வெற்றி.

அந்தச் சொல்லை
அவ்வளவு நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

குறிப்பில் குற்றம் தேடினேன். கிடைக்கவில்லை.
குற்றம் கையேட்டில் இருந்தது, ஒரே வரியில்:
"தெருவை க்ளியர் செய்யும்."
ஆறு வருடத்துக்கு முந்தி, ஒரு வெள்ளிக்கிழமை,
பேருந்து போய்விடுமென்று நான் எழுதியது.

ஆறு வருடம் அந்த வரியால் ஒரு தீங்கும் இல்லை.
வாசித்தவர்கள் எல்லோரும்
நாற்காலியைச் சுழற்றி ஒக்சானாவைக் கேட்டார்கள்.
"அதைத் தொடாதே" என்பாள்,
கோப்பையிலிருந்து உதட்டை எடுக்காமல்.
அவள்தான் கையேடு.
நான் எழுதியது அட்டை.

ஏஜென்டுக்குச் சுழலும் நாற்காலி இல்லை.
ஒக்சானா தூங்கிக்கொண்டிருந்தாள்.
அது என் வரியை நம்பியது,
யாரும் நம்பாத அளவுக்கு.

எழுதியது ஆங்கிலத்தில்.
தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்; பிழை பிடிபட்டது.
எதை அகற்றும்? பனியையா, பெயரையா?
"ஐ" உருபு தெருவின்மேல் ஏறி உட்கார்ந்திருக்க
பனி வாக்கியத்துக்கு வெளியே
கொட்டிக்கொண்டிருந்தது.

நாலு நாற்பதுக்கு மறுபடி எழுதினேன்.

இக்கருவி பனியை அகற்றாது.
பனிவாரும் அட்டவணையிலிருந்து ஒரு தெருவின் பெயரை நீக்கும்.
நீக்கிய பெயர் தானாகத் திரும்பி வராது.
நகரம் அந்தத் தெருவை மூடிவிட்டால் மட்டும் அழை.
பனி பற்றிய முறைப்பாட்டுக்கு: வண்டியை அனுப்பும் கருவி.
ஐயம் இருந்தால் இரவுப் பணியாளரைக் கேள்.

கடைசி வரியில் நின்றேன்.
நேற்றிரவு அதற்கு ஐயமே வரவில்லையே.
"ஐயம் இருந்தால்" என்பதை வெட்டினேன்.
ஒவ்வொரு முறையும் கேள்.

கருவியின் பெயரையும் மாற்றினேன்.
"வெற்றி"யை எடுத்துவிட்டு
"இனி இந்தத் தெருவுக்கு வண்டி போகாது" என்று வைத்தேன்.
வெற்றி என்று கேட்டால் யார்தான் திரும்பிப் பார்ப்பார்?

சோதனைக்கு அதே முறைப்பாட்டைக் கொடுத்தேன்.
அது எழுதியது:
பெயரை நீக்கும் கருவி இதற்கு உரியதல்ல.
வண்டியை அனுப்புகிறேன்.

பதினொரு வருடம் கையேடு எழுதுகிறேன்.
கடைசி வரிவரை வாசித்த முதல் வாசகர்.
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது,
அறைக்குள் யாரோ நுழைந்து
மேசையைப் பார்த்துவிட்டதைப் போல.

ஆறு மணிக்கு ரோடெல் ஒரு படம் அனுப்பினார்.
ஹாலெட் தெருவில், மருத்துவமனைச் சீருடைக்குமேல் கோட்டு,
கேக் தட்டால் காரைத் தோண்டும் ஒரு பெண்.
பணிக்கு ஒரு மணி நேரம் பிந்திவிட்டாளாம்.
ரோடெலைப் பார்த்து அவள் கையசைத்திருக்கிறாள்.
நன்றி என்றா, வசை என்றா,
படத்தில் தெரியவில்லை.

தேநீர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.
இன்னும் நாற்பத்திரண்டு கருவிகள்.
அடுத்ததன் விளக்கம்:
"உப்பைக் கையாளும்."

கையாளும்.
இதையும் நான்தான் எழுதியிருக்கிறேன்.