படிக்குக் கீழே இருப்பவள்

நார்வேக் கரைக்கு வெளியே
ரவை சிந்தினாற்போல் கிடக்கும் தீவுகளில்
ஒன்றுக்குப் பெயர் உண்டு, கடை இல்லை.
செவ்வாய்க்கிழமை தபால்படகு வரும்,
கடல் மனசு வைத்தால்.

துறையில் நின்ற சுன்னிவா கை கொடுக்கவில்லை.
உதட்டில் விரல் வைத்தாள்.
என் சிவப்பு மழைக்கோட்டைக் கழற்றி
உள்ளிருந்த சாம்பலை வெளியே திருப்பி
எனக்கே மாட்டிவிட்டாள்.
அப்புறம்தான் கை கொடுத்தாள்.

வீட்டுக்கு நீலக் கதவு இருக்கிறது.
படிக்குக் கீழே ஓர் ஈடர் வாத்து அடைகாக்கிறது.
இன்றோடு பதினாறு நாள்.
ஆகவே சமையலறை ஜன்னல் வழியே
முதலில் என் பெட்டி, பிறகு என் கால்கள்,
அடுப்பிலிருந்த கெட்டில் மயிரிழையில் தப்ப
மீதி நான்.

எங்கள் பக்கம் பிரசவத்துக்குப் பெண்கள்
தாய்வீடு போவார்கள் என்றேன், கிசுகிசுப்பாக.
"இவளும் அதற்குத்தான் வருகிறாள்.
ஐந்து வருஷமாக.
மாப்பிள்ளை, முட்டை இட்ட கையோடு
கடலுக்குப் போய்விடுவார்.
ஒரு விசாரிப்பு கிடையாது."

ஏப்ரலில் கடற்பாசியை உலர்த்தி
உதறி, உதறி,
கல்லடுக்குகளிலும் கவிழ்த்த படகுகளின் கீழும்
எழுபத்தெட்டு படுக்கை போட்டாளாம்.
வந்தது நாற்பத்தொன்று.
அதில் ஒருத்தி மட்டும் போட்ட படுக்கையெல்லாம் விட்டுப்
படிக்குக் கீழே.

கொடியில் துணி கூடாது, படபடக்கும்.
சுத்தியல் கூடாது. நாய் அக்கரையில்.
ஹல்வாருக்கு நெஞ்சில் பழைய இருமல்,
கட்டிய புருஷனைப்
படகுக்கொட்டகைக்கு அனுப்பியாயிற்று.
சாப்பாட்டுக்கு ஜன்னல் ஏறி வருகிறார்.
தொண்டையில் ஒரு குரைப்பை அடக்கியபடி
காய்ந்த மீனை மெல்கிறார்,
கண்ணில் நீர் முட்ட.

இரவென்று பெயர். வெளிச்சம் போகவில்லை.
கதவடியில் படுத்துத் தபால்துளையைத் தூக்கினேன்.
பலகை இடுக்கில் பழுப்பு முதுகு.
தன் மார்பைத் தானே பிடுங்கி
முட்டைகளுக்குப் போர்த்திவிட்டுப்
பட்டினி கிடக்கிறாள்.
என்னைப் பார்த்தாளோ என்னவோ,
நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.
பேருந்தின் கடைசி இருக்கைவரை கேட்கும்படி
செல்போனில் பேசுகிற ஆள் நான்.
நான்காம் நாள் என் கனவில் வந்தவர்களும்
ரகசியமாகவே பேசினார்கள்.

இருபத்தாறாம் நாள், விடியல் என்று சொல்ல முடியாத
ஏதோ ஒரு நாலு மணி.
சுன்னிவா என் கால் கட்டைவிரலை இழுத்தாள்.
ஐந்து குஞ்சு. ஈரம் உலர்ந்தாயிற்று.
தண்ணீருக்கு நாற்பது அடி.
வானத்தில் கருமுதுகுக் கடற்காகம் மூன்று.
"உன் கோட்டு," என்றாள். "இப்போது திருப்பு.
அந்தப் பாறைமேல் நின்று வீசு. கத்தாதே."

வீசினேன்.
சிவப்பைச் சுழற்றிச் சுழற்றித்
தோள் கழன்றுவிடும்போல் வீசினேன்,
வாயைத் திறந்து, சத்தமில்லாமல்.
கீழே அவள் ஒரே சீராக நடந்தாள்,
பின்னால் ஐந்து உருண்டைகள்
கல்லுக்குக் கல் தடுக்கி விழுந்து.

ஒருமுறை கீழே பார்த்துவிட்டேன்.
அவ்வளவுதான் நேரம்.
நாலு குஞ்சு தண்ணீரில் இறங்கின.
யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

அவள் தலை அலைக்கு அந்தப்பக்கம் மறைந்ததும்
ஹல்வார் துறை முனைக்குப் போனார்.
இரண்டு கையும் முழங்காலில் ஊன்றி
இருமினார்.
இருபத்தாறு நாளையும் இருமினார்.
எதிர்த்தீவில் பறவைகள் எழும்பி
மறுபடி உட்கார்ந்தன.

சுன்னிவா படியடியில் கைவிட்டு
முட்டையோடும் பாசியும் ஒட்டிய
பழுப்புத் தூவியை அள்ளினாள்.
அறுபது கூடு சேர்ந்தால் ஒரு போர்வை.
என் உள்ளங்கையில் வைத்தாள்.
வைத்தாளா என்று பார்க்க வேண்டியிருந்தது.
பிறகு சூடு தெரிந்தது.

நீலக் கதவைத் திறந்தாள்.
கீல் ஊளையிட்டது.
காபி வாசனை வாசல் வழியாக வந்தது.
நான் வீட்டைச் சுற்றிப் போய்
ஜன்னலில் கால் வைத்தேன்.