ஒரு சென்டிமீட்டர்

போன் படத்தில் எல்லாம் வெள்ளைக் கோடு.
காரைக்கால்காரி கேட்கிறாள்: பூவேலை எங்கே?

செர்ரி ரோட்டுக் கடையில்
பழைய கேமராக்கள் ஏழு.
"ஜூம் எவ்வளவு வேணும்?" என்றார் ஜெயசீலன்.
தூரம் எனக்கு எதற்கு?
எவ்வளவு கிட்டப் போகும், அதைச் சொல்லுங்க.

கைப்பையிலிருந்து கொலுசை எடுத்து
கண்ணாடி மேசைமேல் வைத்தேன்.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளி. திருகாணி கடுகளவு.
ஒன்று மங்கலாக்கியது.
ஒன்று தன் நிழலையே அதன்மேல் போட்டது.
மூடியில் கீறல் விழுந்த மூன்றாவது,
நாலாயிரத்து இருநூறு,
பூப்படப் பொத்தானை அழுத்தியதும்
ஒரு சென்டிமீட்டர் வரை குனிந்து
பற்றவைப்பின் கருப்புப் பொட்டைக்கூட
காட்டிக்கொடுத்தது.

இதைப் போட்டால் யார் வாங்குவார்கள்?

பெரிதாக்கினேன்.
மணிக்கு மணி நான்,
ஒரு கண்ணை மூடிக்கொண்டு,
விலை பேச மறந்து.

"பேட்டரி தனி" என்றார்.