ஆரம் ஏழு

கொக்குவிலில் மாடி அறை. ஏசி இரைகிறது.
செய்மதி தந்த குடாநாடு
திரையில் படிக்கட்டாக விரிகிறது.
உயரங்கள் முழு எண்களில் வந்திருக்கின்றன,
ஒன்று, இரண்டு, மூன்று.
அரை மீற்றரில் இந்த ஊரில்
யாரும் நிற்கவே இல்லைப் போல.

செங்குத்தை முப்பது மடங்கு பெருக்கினால்
தெல்லிப்பழை ஒரு மலைநாடு.
சண்டிலிப்பாய்ப் பனங்கூடல் ஒரு குன்று:
ராடார் வட்டுகளைத் தொட்டுவிட்டுத்
தரை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறது.

இரத்தினவடிவேலர் தொலைபேசியில்:
"பிள்ளை, இது காணி விக்கிற வீடியோ.
மேடுபள்ளம் ஒண்டும் தெரியப்படாது.
வழுவழுவெண்டு இருக்கவேணும், விளங்குதோ?"
விளங்கியது.

தூரிகையை எடுத்தேன். ஆரம் மூன்று.
ஒவ்வொரு புள்ளியும் அயலாரை விசாரித்து
நடுவாக ஓர் உயரத்துக்கு ஒத்துக்கொள்கிறது.
படிகள் கரைந்தன. பனங்கூடல் தணிந்தது,
தோசைக்கல்லில் மாவை இழுத்த மாதிரி.
ஆரம் ஐந்து. ஒரு குளம் இமை மூடியது.
ஆரம் ஏழு.
வழுக்கையாற்றைக் காணோம்.

காணாமல் போனால் தேடுகிற அளவுக்கு
அது பெரிய ஆறும் இல்லை.
பங்குனியில் மாடு மேயும்,
பெடியள் விக்கெட் நட்டு விளையாடுவார்கள்.
கார்த்திகையில்தான்
கந்தரோடை தாண்டி அராலிக் கடல்வரைக்கும்
தன் பெயர் அதற்கு ஞாபகம் வரும்.
ஒரு மீற்றர் தாழ்வு, சில இடத்தில் அதுவும் இல்லை.
இரண்டு முழு எண்களுக்கு நடுவில்
ஒதுங்கி ஓடுகிற ஆறு.

மென்பொருளில் இன்னொரு கட்டளை உண்டு: பள்ளம் நிரப்பு.
தண்ணீர் வெளியேற வழியில்லாத குழி எல்லாம்
அதன் கணக்கில் பிழை.
சுண்ணாம்புக்கல்லின்மேல் இருக்கிற எங்களுக்கு
இதை யார் சொல்வது?
நாங்கள் குடிப்பதே
அந்தப் பிழைகளுக்குள் வாளி விட்டுத்தான்.

சும்மாதான், அவர் விற்கும் பதினெட்டுப் பரப்பின் எல்லையைப்
படத்தின் மேல் போட்டுப் பார்த்தேன்.
நாலில் மூன்று பங்கு
நான் இப்போது அழித்த ஆற்றுக்குள்.

அபிலாஷினி கதிரையை உருட்டி வந்து பார்த்தாள்.
"வடிவாத்தானே இருக்கு?"
வடிவாகத்தான் இருந்தது. மாலை வெயில் போட்டிருந்தேன்,
புல் விதைத்திருந்தேன்,
எல்லைக் கல்லுக்குக்கூட நிழல் விழுந்திருந்தது.

ஏழு தரம் பின்னால் போனேன்.
நிலஅளவைத் தாளின் பழைய கோட்டைப் பார்த்து
ஆற்றை எலியால் மெல்ல வரைந்து மறைப்பிட்டேன்.
இனித் தூரிகை அதன்மேல் ஏறாது.
மிச்ச நிலத்தை அவர் கேட்டபடி
வழித்துத் துடைத்துக் கொடுத்தேன்.
பிறகு வெயிலை எடுத்துவிட்டு
மழையை அமுக்கினேன்.

தண்ணீருக்கு ஆரமும் தெரியாது, சராசரியும் தெரியாது.
நேராக வந்து
பதினாறு துண்டுக் காணிகளில்
பன்னிரண்டில் முழங்கால் அளவு நின்றது.

மாதம் என்ற பெட்டியில் கார்த்திகை என்று அடித்து
வெளியீட்டை ஓடவிட்டிருக்கிறேன்.
நாற்பத்தொரு வீதம்.
மேசையில் தொலைபேசி அதிர்ந்து அதிர்ந்து
விளிம்புப் பக்கமாக நகர்கிறது.