மறு ஆய்வுக்குக் கட்டணம் இல்லை

ஆடியில் எங்கள் பிரிவுக்குப் பசி.
யாரும் கடைக்கால் தோண்டுவதில்லை.
மனு கணினியில்தான் வரவேண்டும் என்றாலும்
வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மாடிப்படி ஏறினால்தான் சிலருக்கு மனசு ஆறும்.
அவர்களும் ஏறுவதில்லை.
கணக்கர் வசந்தகோகிலம்
வரவுப் பதிவேட்டின் வெற்றுப் பக்கத்தில்
முறுக்கை உடைத்து வைக்கிறார்.
ஆவணி பிறக்கட்டும் என்கிறார்,
கல்யாணத் தரகர் மாதிரி.

பிறந்தது. திம்மராயன் வந்தார்.
ராயக்கோட்டை சாலையில்
போன வருஷம் வரை மாந்தோப்பாக இருந்த இடம்,
முப்பதுக்கு நாற்பது.
மாங்கூழ் ஆலையில் பாய்லர் பார்க்கிறவர்.
பரிசீலனைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம்,
தெருவில் கொட்டப்போகும் இடிபாட்டுக்கு ஒன்று,
தொழிலாளர் நல நிதிக்கு ஒன்று.
ஒவ்வொரு ரசீதையும் மடித்து
மருந்துச் சீட்டு இருந்த உறையிலேயே வைத்துக்கொண்டார்.
"மேடம், இதுல உங்க சம்பளம் எது?"
கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.
எல்லாத்துலயும் கொஞ்சம், என்றேன்.
சரியான பதிலா என்று இன்னும் தெரியவில்லை.

பணம் பொதுநிதியில் விழும்.
விழுந்தபின் அதற்குப் பெயர் கிடையாது.
பழையபேட்டையில் எரிந்துபோன மோட்டாருக்கு
செம்புக் கம்பி ஆகலாம்.
நாய் பிடிக்கிற வண்டிக்கு டயர் ஆகலாம்.
என் ஸ்கூட்டிக்குப் பெட்ரோலாக மட்டும்
ஏழு மாதமாய் ஆகவில்லை.
பயணப்படிப் பட்டியல் மூன்றாம் முறையும்
'நிதி இருப்பைப் பொறுத்து' என்று
பச்சை மையோடு திரும்பியிருக்கிறது.

மார்கழியில் போனேன்.
செண்ட்ரிங் பலகை பிரித்திருந்தார்கள்.
சுவர் சரி. மேல்தளத்தை மட்டும்
மகளின் பீரோவுக்கென்று கிழக்கே இழுத்திருந்தார்கள்.
மூன்றடி விடவேண்டிய இடத்தில் ஒன்றே முக்கால்.
மறுபடி டேப் பிடித்தேன்.
மேஸ்திரி வேறு பக்கம் பார்த்தார்.
ஒன்றே முக்கால்.

"நான் கட்டின பணத்துல வண்டி ஏறி வந்து
என் வீட்டையே உடைக்கச் சொல்றீங்க."
ஆலை இரைச்சலில் கத்திக் கத்தியே பேசிப் பழகியவர்
அன்றைக்கு மெதுவாகச் சொன்னார்.
பெட்ரோல் என்னுது என்று வாய்வரை வந்தது.
சொன்னால் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள் நீளும்.
அப்புறம் என் டேப்பும் நீளத் தொடங்கும்.

கிழக்கு வீட்டில் ஒரு ஜன்னல்.
உள்ளே நசீம்பானு
பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள்.
பகல் பதினொன்று. டியூப்லைட் எரிந்தது.
அவள் மனு போடவில்லை, புகாரும் இல்லை,
எந்தக் கவுண்டரிலும் ஒரு ரூபாய் கட்டவில்லை.
ஒன்றேகால் அடி இருட்டு மட்டும்
ரசீது இல்லாமல் அவள் பேருக்கு வந்திருந்தது.

பணம் ஒருத்தர் கட்டுகிறார்.
வெளிச்சம் இன்னொருத்தருக்கு.
இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது
என்று வசந்தகோகிலத்திடம் கேட்டேன்.
இதர வரவினம், என்றார் நிமிராமல்.

மாசியில் போன் வந்தது.
"உடைச்சாச்சு. வந்து பாருங்க."
விதிப் புத்தகத்தில் மறு ஆய்வுக்குக் கட்டணம் இல்லை,
எழுத ஒரு கட்டம்கூட இல்லை.
பங்கில் இருநூறுக்குப் போட்டேன்.

அறுத்த கம்பி முனைகளுக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்.
மூன்றடி. அரை அங்குலம் கூடவே.
திம்மராயன் டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தார்,
விட்டுவிட்டால் வீடு போய்விடும் என்பதுபோல.
பீரோ எங்கே வைப்பீர்கள் என்று
நான் கேட்கவில்லை.

நசீம்பானு எட்டிப் பார்த்தாள்.
யார் வீட்டையோ தேடி வந்தவள் என்று நினைத்து
"அது பின்தெருவா இருக்கும்" என்று
கை நீட்டி வழி சொன்னாள்.
அவள் முதுகுக்குப் பின்னால்
டியூப்லைட் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.
பழக்கமாக இருக்கும்.