ஹில்கன்

கயானியில் ஆற்றோரம், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
அக்டோபர் கடைசி. படியெல்லாம் என் ஈரக் காலடி.
எதை ஏற்றுவது, எதை விடுவது
ஒட்டிய நாடாவே சொல்லும் என்றார் போனில்.

சொன்னது.
தையல் இயந்திரம்: ஹில்கன்.
பனிச்சறுக்குக் கட்டை, குட்டை ஜோடி: ஹில்கன்.
நெட்டை ஜோடி: தைஸ்தோன்.
காபிக் கெண்டியில் முதலில் தைஸ்தோன்,
பிறகு அதை அடித்து, அழுத்தி, ஹில்கன்.

எங்கள் மொழியில் ஒரு பொருள் உன்னுடையதாக
பெயரின் வாலில் ஒரு ன் போதும்.
ஆனால் சில பெயர்களுக்குச் சேதாரம் உண்டு.
ஒரு நாற்காலிக்குச் சொந்தக்காரியாக
ஹில்க்கா தன் ககரத்தில் ஒன்றைக்
கழற்றிக் கொடுக்க வேண்டும்.
தைஸ்தோவுக்கு அந்தச் செலவில்லை.
முப்பத்தொரு வருஷமும் அவர் பெயர்
எழுத்துக் குறையாமல்
எல்லாவற்றையும் வைத்திருந்தது.

இதெல்லாம் இரண்டாம் மாடித் திருப்பத்தில்
அலமாரி சுவரில் சிக்கிக்கொண்டபோது தோன்றியது.
எங்காவது சிக்கினால்தான்
எனக்கு இலக்கணம் வரும்.

அவள் முன்பே ஔலுவுக்குப் போய்விட்டாள்.
அவர் அடுக்களையில், கோட்டைக் கழற்றாமல்,
விருந்துக்குச் சீக்கிரம் வந்துவிட்டவர் மாதிரி.

கடைசிப் பெட்டியும் இறங்கிய பிறகு
கதவு நிலையில் ஒரு துண்டு நாடா,
ஒட்டப் பொருளில்லாமல்:
ஹில்கன்.
"இது எதற்கு?" என்றேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"இழந்தேன்" என்றார்.

ஒரே சொல். மீதியை நாடா சொன்னது.
உடையவளுக்குப் போடும் அதே ன்தான்
முழுசாக இழந்த ஆளுக்கும்.
விற்ற படகுக்கும் அதுவே, சுட்ட கரடிக்கும் அதுவே.
ஹில்க்காவுடைய. ஹில்க்காவை.
எழுத்தில் வித்தியாசமில்லை,
பக்கத்தில் எந்த வினை வந்து நிற்கிறது என்பதுதான்.
பாதி இழந்தவளுக்கு,
இன்னும் இழந்துகொண்டிருப்பவளுக்கு
வேறு உருபு இருக்கிறது.
அவர் அதை எழுதவில்லை.

ஔலு வரை நூற்றெண்பது கிலோமீட்டர்.
பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம்
பின்னால் நாற்பது பெட்டிகள்
அவர் கையெழுத்தில் ஒன்றையே முணுமுணுத்தன.
யாருடையது என்றா, யாரை என்றா,
திரும்பிப் பார்க்க முடியாது, சாலையில் மான் வரும்.

ரசீதை நீட்டினேன்.
கதவில் சாய்த்து வைத்துக் கையெழுத்துப் போட்டாள்,
ஹில்க்கா,
இரண்டு ககரமும் போட்டு.